பார்க்காமல் நீட்டுகிற கை

எட்டாவது சாந்துச் சட்டி ஏறிய நேரத்தில்தான் வேணிக்கு அந்தச் சொல் மறுபடியும் வந்து பல்லிடுக்கில் மாங்காய் நார் மாதிரி மாட்டிக்கொண்டது. வலது கை. காலையில் மகள் ஓவியாவுக்குச் சடை போடும்போது அவள் மடியில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, டீச்சர் மரபுத்தொடர் கொடுத்திருக்கிறார்கள், பொருள் எழுதி, வாக்கியத்தில் அமைத்து, அது எப்படி வந்தது என்று வீட்டில் கேட்டும் எழுதி வரவேண்டும் என்று சொன்னாள். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் கம்பி நீட்டுதல், காது குத்துதல் என்று கதைக்கு வளைகிற சொல்லாகக் கிடைத்திருக்கிறது, இவளுக்கு வலது கை. பொருள் எனக்கே தெரியும்மா, நம்பிக்கையான உதவியாள், எப்படி வந்துச்சுன்னுதான் தெரியணும், அதுவும் ஏன் இடது கைன்னு சொல்லல? ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்திருந்ததால் வேணி உம் என்று மட்டும் சொன்னாள். பொழுதடையச் சொல்கிறேன் என்று பிறகு சொல்லிவிட்டு, டிபன் டப்பாவை மூடி, பிள்ளையைத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு, நாலாம் வகுப்புக்கே இந்தக் கேள்வி என்றால் பத்தாம் வகுப்பில் என்னை நிற்க வைத்துப் பாடம் கேட்பாள் போலிருக்கிறதே என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டே வேலைக்கு வந்தாள். வேணி படித்ததும் அதே ஊர்ப் பள்ளிக்கூடம்தான், பத்து வரைக்கும். மரபுத்தொடர் அவளுக்கும் இருந்தது. எப்படி வந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. வந்தது வந்ததுதான், எழுதிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இப்போது அவள் சவுக்குக்கழிச் சாரத்தில், தரையிலிருந்து ஓர் ஆள் உயரப் பலகையில் நின்றுகொண்டிருக்கிறாள். எதிரே மேற்குச் சுவர். பத்தடிக்குப் பதினாறடி, பச்சைச் செங்கல் வாடை இன்னும் போகாத சுவர், அங்கங்கே மட்டம் பார்த்து வைத்த சாந்துப் பொட்டுகள் திருஷ்டிப் பொட்டு மாதிரி. இந்தச் சுவர் முழுசும் அவள் ஒருத்தி கரண்டிக்கு. ஒன்பது வருசம் சட்டி சுமந்தவளுக்கு, நடுவில் கொத்து வேலைப் பயிற்சிக்கும் போய்வந்தவளுக்கு, இதுதான் முதல் முழுச் சுவர். நேராக நின்றால் அடுத்த வீட்டுப் பூச்சு அவளுக்கு என்று அழகுமலை மேஸ்திரி சொல்லியிருக்கிறார், சுவர் வயிறு தள்ளினால் பழையபடி சட்டிதான். அதனால் என்ன, சட்டி தூக்கித்தானே இதுவரைக்கும் சோறு தின்றோம் என்று வாய் சொல்லும், கை மட்டும் மட்டப்பலகையை இன்னொரு தடவை வைத்துப் பார்க்கும். வலது கை சாந்தை அள்ளி வீசும், சப் என்று ஒட்டும், மட்டப்பலகை ஏறும், இறங்கும். இடது கை காலிச் சட்டியைப் பலகை விளிம்புக்குக் கீழே நீட்டும். அவள் பார்க்க மாட்டாள். பார்க்கவே வேண்டாம். சுவரிலிருந்து கண்ணை எடுத்தால் கை தப்பும். காலிச் சட்டி இறங்கின மூச்சிலேயே நிறைந்த சட்டியின் விளிம்பு விரலில் வந்து முட்டும், இரண்டு கையும் சேர்ந்து தூக்கும், சட்டி பலகையில் உட்காரும். கீழே நிற்கிற கை பவுன்தாயுடையது. வேணி புருசனுடைய அண்ணன் பெண்டாட்டி, வேணிக்கு ஓரகத்தி, நாற்பத்தைந்து வயது. ஓரகத்திகள் ஒரே அடுப்பில் உலை வைத்தாலே ஊர் வேடிக்கை பார்க்கும், இவர்கள் ஒரே கலவையில் நிற்கிறார்கள். அதுவும் மூத்தவள் கீழே, இளையவள் மேலே. முதல் நாள் வேணி சாரத்தில் ஏறியபோது, கீழே எறங்கி வீட்டுக்கு வந்தா நாந்தான்டி பெரியவ, அங்க கரண்டியத் தூக்கிக்கிட்டு வராத, என்று பவுன்தாய் சொன்னாள். சாரமே ஆடுகிற மாதிரி எல்லோரும் சிரித்தார்கள்.

சாந்தில் இன்றைக்கு மணல் கொஞ்சம் நறநறக்கிறது. இல்லை, சாந்து சரிதான், நறநறப்பு வேறு எங்கோ. அது காலையில் டீ வந்த நேரத்தில் தொடங்கியது. மேஸ்திரி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, பாவம் பவுன்தாய்க்கு முழங்கால் மடங்கவே மாட்டேங்குது, சட்டிய தலைக்கு மேல தூக்குறப்ப முகம் சுளிக்குது, நாளையிலேருந்து புதுசா வந்த அந்த ஒசரமான பிள்ளைய உனக்குக் கலவை குடுக்கச் சொல்றேன், பவுன்தாய் ஓரமா ஒக்காந்து மணல் சலிக்கட்டும், என்ன, என்றார். வேணி தலையை ஆட்டினாள். வாயில் பாதி வடை. மேஸ்திரி பேசினால் தலை ஆடும், அதுதான் பழக்கம், ஒன்பது வருசமாகச் சும்மாடு வைத்த தலைக்கு அது ஒன்றுதான் தெரியும். மேஸ்திரி மழை வரும் என்றாலும் ஆடும், வராது என்றாலும் ஆடும். ஆட்டி முடித்த பிறகுதான் காதில் விழுந்த சொல் புத்திக்கு இறங்கியது. அதற்குள் அவர் போய்விட்டார். திரும்பினால் நாலடி தள்ளிக் குழாயடியில் பவுன்தாய் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின தம்ளரையே மறுபடி கழுவினாள். ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. ஏன்டி கொழுப்பா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேணி அங்கேயே கொட்டியிருப்பாள். கேட்கவில்லை, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கலவைக்குப் போய்விட்டாள். மணல் சலிக்க உட்கார்ந்தவர்கள் பிறகு எழுந்ததை வேணி பார்த்ததில்லை. முதலில் ஓரமாக உட்கார்வார்கள், பிறகு வாரத்தில் மூன்று நாள் வரச் சொல்வார்கள், பிறகு ஆள் அனுப்பினால் வா என்பார்கள், ஆள் வராது. அது பவுன்தாய்க்குத் தெரியாதா. வேணியை விட அவளுக்குத்தான் தெரியும், பதினெட்டு வருசமாகச் சட்டி சுமக்கிறவள்.

வலது கை. ஏன் வலது கை? சோறு தின்கிற கை என்பதாலா. கொடுக்கிற கை, வாங்குகிற கை, திருநீறு வாங்க நீட்டுகிற கை, சத்தியத்துக்கு அடிக்கிற கை. கல்யாணத்தில் பிடித்துக் கொடுத்த கையும் அதுதான், அவள் புருசன் பயத்தில் வேர்த்து வழவழவென்று இருந்த கையால் பிடித்தான், பிடி நழுவி இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் இடது கை மட்டும் என்ன பாவம் செய்தது, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைப்பது அதுதானே, வலது கை வேலை செய்யவேண்டும் என்று பிள்ளையை முழுக்கத் தாங்குவது இடது கைதானே. இதைச் சொன்னால் ஓவியா அதையும் எழுதிக்கொண்டு போய் டீச்சரிடம் சண்டைக்கு நிற்பாள். முதுகில் எங்கேயோ சாந்துத் துளி காய்ந்து அரித்தது, வேணி கரண்டிக் காம்பாலேயே சொறிந்தாள், சொறிந்த பிறகுதான் தெரிந்தது, அரிக்கிறது என்று அவள் நினைக்கவே இல்லை, கை போய்விட்டது. இதுதானோ. உடம்பில் எந்த மூலையில் அரித்தாலும் சொல்லாமல் கொள்ளாமல் போகிற கை. வா என்று கூப்பிட்டு எந்தக் கை வந்திருக்கிறது. ஆனால் இதை ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்து நோட்டில் எழுதலாமா, அரிப்பு என்று. சிரிப்பு வந்தது. சிரித்தால் கை ஆடும். வீச்சு ஒரு விரற்கடை மேலே போய் விழுந்தது, மட்டப்பலகையால் இழுத்துச் சரிபண்ணினாள். கலவை போட்டு அரை மணிக்குள் தீரவேண்டும், தீராவிட்டால் இறுகும், இறுகினதில் தண்ணீர் ஊற்றிக் குழப்பினால் சுவர் ஆறு மாதத்தில் காட்டிக்கொடுத்துவிடும். நினைப்புக்கு அந்த மாதிரி ஒரு கணக்கு இருந்தால் நன்றாக இருக்கும். அரை மணிக்குள் நினைத்துத் தீர்க்காவிட்டால் கொட்டிவிடு என்று. இதுவோ டீ நேரத்தில் பிடித்தது, இன்னும் இறுகாமல் குழைந்துகொண்டே கிடக்கிறது.

ஆறு வருசத்துக்கு முன்னால், அந்தப் பயிற்சி வந்த நேரம். பொம்பளைகளுக்குக் கொத்து வேலை, நாற்பது நாள், வீட்டுக்கு ஓர் ஆள் என்று பேர் எழுதிக்கொள்ள வந்தார்கள். முறையாகப் பார்த்தால் பவுன்தாய் போயிருக்க வேண்டும், அவள்தான் மூத்தவள், சுவரைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே வயிறு தள்ளுகிறது என்று சொல்லிவிடுவாள். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, இவ பேர எழுதுங்க, இவ பத்து படிச்சவ என்று அவளேதான் சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அன்றைக்கு முழுக்கப் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும், அவள் சாமி இல்லை. முதல் வாரத்திலேயே வேணியின் வலது உள்ளங்கையைச் சிமெண்ட் தின்றுவிட்டது. தோல் வெந்து விரலிடுக்கெல்லாம் வெடித்து, உப்புப் பட்டால் உயிர் போகும். மத்தியானம் தூக்குவாளியைத் திறந்துவைத்துக்கொண்டு, இடது கையால் எப்படித் தின்பது, ஸ்பூன் வாங்கலாமா என்று உட்கார்ந்திருந்தபோது, தன் வேலையிலிருந்து ஒரு மைல் நடந்து பவுன்தாய் வந்தாள். கையைக் கழுவினாள். புளிச்சோற்றைப் பிசைந்து உருட்டி, ஆ காட்டு என்றாள். பயிற்சிக்கு வந்த இருபது பொம்பளைகளும் பார்க்கிறார்கள். ஓரகத்திக்கு ஓரகத்தி ஊட்டுற கூத்த எந்த ஊர்ல பாத்தீங்கடி என்று ஒருத்தி சொல்ல, வெசம் வச்சிருக்கேன், அதான் நானே ஊட்டுறேன் என்றாள் பவுன்தாய். ஒன்பது நாள். ஒன்பது நாளும் வந்தாள். காலையில் ஓவியாவுக்குச் சடை போட்டதும் அவள், வேணிக்குத் தலை பின்னியதும் அவள், ஜாக்கெட்டுக் கொக்கி மாட்டிவிட்டதும் அவள், போதும்க்கா வெக்கமா இருக்கு என்றால், கை ஆறட்டும் பெறவு வெக்கப்படு என்பாள். அந்த ஒன்பது நாளும் வேணிக்கு வலது கை என்று ஒன்று இருந்தது என்றால் அது அவள் தோளில் இல்லை.

அடியே. அதுதானே. இவ்வளவு நேரம் எங்கே தேடிக்கொண்டிருந்தாய். தனக்குக் கை ஓய்ந்துபோன யாரோ ஒருத்தி, எந்தக் காலத்திலோ, எந்த ஊரிலோ, சோற்று முன்னால் உட்கார்ந்திருந்திருப்பாள், பக்கத்தில் ஒருத்தி வந்து கையைக் கழுவியிருப்பாள். சொல் அப்படித்தான் வந்திருக்கும், வேறெப்படி வரும். ராசா மந்திரி என்று டீச்சர் ஏதாவது சொல்லிக்கொள்ளட்டும். வேணியின் நாக்கில் புளிச்சோற்று ருசி ஏறியது, ஆறு வருசத்துக்கு முந்திய ருசி, கடுகுகூடத் தட்டுப்பட்டது. அந்தக் கையைத்தான் காலையில் மணலுக்குப் போகச் சொல்லித் தலையை ஆட்டியிருக்கிறாள், வாயில் வடையோடு. சட்டி காலி. இடது கை காலிச் சட்டியோடு கீழே இறங்கியது.

கையில் ஒன்றும் முட்டவில்லை.

காலிச் சட்டி தொங்கிக்கொண்டே இருந்தது. காற்று. வேணி சுவரைப் பார்த்தபடியே நின்றாள். ஒரு மூச்சு. கலவையில் தண்ணீர் ஊற்றுகிறாளாக இருக்கும். இரண்டு மூச்சு. தண்ணீர்ச் சத்தம் இல்லையே. மண்வெட்டிச் சத்தமும் இல்லை. கீழே பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் கழுத்து திரும்ப மாட்டேன் என்றது, டீ நேரத்தில் கேட்காமலே ஆடின அதே கழுத்து. பார்த்தால் என்ன தெரியும். கலவைமேடு தெரியும், மண்வெட்டி தெரியும், ஆள் இருக்க மாட்டாள். சும்மாட்டுத் துணியை உதறி மடித்துவைத்துவிட்டுப் போயிருப்பாள், மணல் குவியலுக்குப் பக்கத்தில் சல்லடையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள், நாளைக்கு என்ன நாளைக்கு, இப்பவே போறேன் என்று. அவளுக்கு அந்த ரோசம் உண்டு. மூன்று மூச்சு. சுவரில் போட்ட சாந்தின் ஓரம் வெளுக்கத் தொடங்கியது, ஒட்டுத் தடம் விழும், விழட்டும், சுவர் போகட்டும். நீட்டின கை வலிக்கவில்லை, வேறு என்னவோ செய்தது, அந்தரத்தில் அவ்வளவு தூரத்துக்கு ஒரு கை நீண்டிருப்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை நாளும் அது பலகை விளிம்போடு முடிந்ததே இல்லை. தோளில் தொடங்கி, விளிம்பைத் தாண்டி, சாரத்தைத் தாண்டி, கலவைமேட்டில் போய்த்தான் முடியும். இன்றைக்கு யாரோ நடுவில் நறுக்கிவிட்டார்கள். யாரோ என்ன யாரோ. காலுக்கடியில் பலகை லேசாக ஆடியது, பிறகு ஒரு இறுக்கு இறுகி ஆடாமல் நின்றது, அதைக்கூட அவள் கவனித்தாளா இல்லையா. மூச்சை எண்ணுவது எப்போதோ விட்டுப்போன பிறகுதான் விரலில் விளிம்பு முட்டியது.

சட்டி ஏறியது. நிறைந்த சட்டி, வேணிக்குப் பிடித்த பதம், ஓரம் பூசுவதற்கென்று கொஞ்சம் கெட்டியாக. வேணி ஓரத்துக்கு வந்துவிட்டாள் என்பதைப் பவுன்தாய் கீழே நின்றே பார்த்திருக்கிறாள். வேணி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், சிமெண்டுக்கும் மூக்கு ஒழுகும், யாரும் கேட்க மாட்டார்கள். அதற்குப் பிறகு கை என்ன செய்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வீசியது, இழுத்தது, மணியாசுக்கட்டையால் பூச்சை வட்டம் வட்டமாகத் தேய்த்தது. ஒவ்வொரு தடவையும் இடது கை இறங்கியபோது விளிம்பு வந்து முட்டியது, ஒவ்வொரு தடவையும் வேணி மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். சாமிக்கும் சேர்த்து, கலவைக்கும் சேர்த்து, இந்த வெயிலுக்கும் முகம் சுளிக்காத அந்த முழங்காலுக்கும் சேர்த்து. முழங்கால் சுளிக்காமலா இருக்கும். தலைக்கு மேல் தூக்குவதுதானே பாடு. நடுவில் ஒரு மேடை இருந்தால்? இடுப்பு உயரத்துக்கு ஆலோபிளாக் கல்லை அடுக்கி மேலே ஒரு பலகையைப் போட்டால், பவுன்தாய் இடுப்புக்குத் தூக்கினால் போதும், மேலே இருந்து குனிந்து எடுப்பது என் பாடு. எனக்கு இடுப்பு நல்லாத்தானே இருக்கு. கல் அங்கே அறுபது எழுபது சும்மா கிடக்கிறது. இதைக் காலையிலேயே யோசிக்க வேண்டிய புத்தி வடை தின்னப் போயிருந்தது.

வெயில் மேற்கே சாயும்போது மேஸ்திரி வந்தார். மட்டப்பலகையைச் சுவரில் நிறுத்தி, குறுக்கே வைத்து, மூலைக்கு மூலை வைத்து, அடியில் வெளிச்சம் வருகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். அது ஆடி ஆடி நிற்கிற வரைக்கும் வேணி மூச்சு விடவில்லை. ஜன்னலுக்கு மேலே ஓர் இடத்தில் விரலால் தட்டி, இங்க ஒரு நூல் கனம் கூடிருச்சு, என்றார். பிறகு, சரி நிக்குது, என்றார். அவ்வளவுதான், அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது. வேணிக்கு உள்ளங்காலிலிருந்து குளிர்ந்தது. அவர் சாரத்துக் கழியைப் பிடித்துக் குனிந்தவர், இந்தக் கட்டு யாரு போட்டது என்று கேட்டார். பலகைக்கு நேர் கீழே பழைய கயிற்றின் மேல் புதுக் கயிறு, மூன்று சுற்று, முடிச்சு கல் மாதிரி.

"அவுந்து வந்துச்சு. நான்தான் கட்டுனேன்," என்றாள் பவுன்தாய், சட்டி கழுவிக்கொண்டே. "அதுல அவளுக்கு ஒரு சட்டி லேட்டாயிருச்சு."

மேஸ்திரி கயிற்றை இழுத்துப் பார்த்தார். கையைத் தட்டிக்கொண்டு, சரி, நாளைக்கு அந்தப் பிள்ளைய வரச் சொல்லிரவா என்று வேணியைக் கேட்டார். வேணியின் தலை அசையப் பார்த்தது. அவள் கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள், சாந்துக் கையோடு.

"வேணாம் மேஸ்திரி. காலையில மண்டைய ஆட்டுனது பழக்கத்துல ஆட்டுனது. எனக்குக் கலவை அக்காதான் குடுக்கணும்."

முழங்கால் என்று அவர் தொடங்கினார். வேணி ஆலோபிளாக் மேடையைச் சொன்னாள், எத்தனை கல், எந்த உயரம், யார் குனிவது எல்லாம். அவர் கேட்டுக்கொண்டு, வேலை நிக்கக் கூடாது பாத்துக்க, அடுத்த வீடு மாடி வீடு, என்றார்.

"நின்னா ரெண்டு பேரையும் மணல் சலிக்கப் போடுங்க. சல்லடைய ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்கிறோம்."

மேஸ்திரி அவளைப் பார்த்தார், பவுன்தாயைப் பார்த்தார், கல் அடுக்கியிருந்த மூலையைப் பார்த்தார். பொம்பளைகளுக்குக் கரண்டி குடுத்தா வாயும் சேத்துல்ல வருது என்று முணுமுணுத்துக்கொண்டே, அந்தக் கல்லை இன்றைக்கே அடுக்கி வைத்துவிட்டுப் போங்கள் என்றுவிட்டு வண்டியை எடுத்தார்.

இரண்டு பேரும் கல் அடுக்கினார்கள். மூன்று வரிசை வந்த பிறகு வேணி, அக்கா, காலையில, என்று ஆரம்பித்தாள்.

"பாத்தேன்டி," என்றாள் பவுன்தாய். "ஒன் வாய்ல வடை இருந்துச்சு. வாய்ல வடையிருந்தா மண்டையத்தான ஆட்டுவாக."

அப்புறம் ஏங்க்கா ஒண்ணும் பேசல என்று கேட்டதற்கு, வடை தீந்த பெறவு நீ என்ன சொல்றேன்னு பாப்போம்னுதான், சாயங்காலம் வரைக்கும் மென்னுக்கிட்டிருந்தியே மகராசி, என்றாள். சொல்லிவிட்டு அடுத்த கல்லை எடுக்கக் குனிந்தவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேணி கலவைப் பெட்டியைக் கவிழ்த்து அதில் அவளை உட்காரவைத்துவிட்டு மிச்சக் கல்லைத் தானே அடுக்கப் போனாள். ஓவியாவை இன்று நோட்டில் என்ன எழுதச் சொல்வது என்று இப்போது தெரியும். வாக்கியமும் தயார்தான், எங்க பெரியம்மா எங்க அம்மாவுக்கு வலது கை. எப்படி வந்தது என்று கேட்டால் புளிச்சோற்றிலிருந்து என்று எழுதச் சொல்லலாம், டீச்சர் தப்புப் போட்டால் போட்டுக்கொள்ளட்டும், நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். மேல் வரிசைக்கு ஒரு கல் குறைந்தது. சுவரில் மேற்கு வெயில் விழுந்து ஈரப் பூச்சு முழுக்கப் பொன்னாய்க் கிடந்தது, அதை விட்டுக் கண்ணை எடுக்க மனசில்லாமல் பார்த்துக்கொண்டே வேணி பின்னால் கையை நீட்டினாள். கல் வந்து கையில் உட்கார்ந்தது.